பூனை ஓடத் தேவையில்லாத முற்றம்

திருகோணமலையில் மணல் முற்றம் உள்ள வீடுகளில் நாய் கட்டும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். மாமரத்திலோ கிணற்றடித் தூணிலோ சங்கிலி கொளுவியிருக்கும். அந்தச் சங்கிலி எட்டுகிற தூரம்வரை மணல் வட்டமாக உழப்பட்டு, ஒரு புல் இல்லாமல் கிடக்கும். வட்டத்தின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே வீட்டுப் பூனை குந்தியிருந்து பின்னங்காலைத் தூக்கி நக்கும். சங்கிலியின் நீளம் அதற்கு அங்குலக் கணக்கில் தெரியும். உள்ளே நாய் இரண்டு காலில் எழுந்து இழுக்கும், கழுத்துப்பட்டி இறுகி இருமும், மறுபடியும் இழுக்கும். பார்க்கிறவர்கள், "இரண்டும் நல்லாப் பழகிவிட்டுது, பூனைக்குப் பயமே இல்லை" என்பார்கள்.

பூனைக்குப் பழகியிருப்பது சங்கிலி மட்டும்தான். நாய்க்கோ எட்டாத ஒன்றை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து வெறி ஏறுகிறது. கொளுக்கி தேய்ந்து கழலுகிற நாளிலும் பூனை அதே இடத்தில் அதே நம்பிக்கையோடுதான் குந்தியிருக்கும். நாயைக் கட்டிவைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரிவரும் என்ற ஊர் வழக்கத்தை நான் அழுத்தமாக மறுப்பது இதனால்தான். பழக்குவது தனி வேலை. ஒன்றிரண்டு கிழமையில் முடியாது, மூன்று மாதமும் எடுக்கலாம்.

நாய்க்குப் பூனைமேல் கீரிக்கும் பாம்புக்கும் உள்ளது போன்ற பகை ஒன்றும் இல்லை. ஓடுகிற எதையும் துரத்துவது அதன் இயல்பு, அவ்வளவுதான். பூனை அசையாமல் நின்றால் பெரும்பாலான நாய்கள் தடுமாறி நிற்கும், மணந்து பார்க்கும், விலகும். பூனை ஓடினால் நாய் யோசிக்காது. ஒருமுறை துரத்திய நாய்க்கு அந்த ஓட்டமே பரிசாகிவிடுகிறது. இறைச்சித் துண்டு கொடுத்து அதை மறக்கவைப்பது கடினம். துரத்தப்பட்ட பூனைக்கோ நாயைக் கண்டால் ஓடுவதுதான் வழி என்று பதிந்துவிடும். அடுத்த முறை பூனை இன்னும் முன்கூட்டி ஓடும், நாய் இன்னும் வேகமாகத் துரத்தும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஒரே காரியத்துக்காகத்தான்: அந்த முதல் துரத்தல் நடக்கவே விடக்கூடாது.

வேலை நாய் வீட்டுக்கு வருமுன்பே தொடங்குகிறது. வளர்ந்த நாயை எடுக்கப்போகிறீர்கள் என்றால், கயிற்றில் பிடித்தபடி கோழி, அணில் உள்ள இடத்தில் ஒருதரம் நடத்திப் பாருங்கள். எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் வீதியோரத்திலேயே மேயும். மான்களைக் கலைக்காமல், நன்றாக எட்ட நின்று நாயின் உடம்பைப் பாருங்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டு நிலத்தை மணப்பது, உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது, கூப்பிட்டால் காதை அசைப்பது எல்லாம் நல்ல அறிகுறிகள். குரைப்பதுகூடப் பெரிய குறை இல்லை. பயப்படவேண்டியது சத்தமில்லாத நாய்க்கு. வாயை மூடிக்கொண்டு, உடம்பு விறைத்து, பாரம் முன்னங்காலுக்கு வந்து, கண் இமைக்காமல் நிற்கும். பெயர் சொன்னாலும் கேளாது, மூக்குக்கு நேரே இறைச்சி நீட்டினாலும் எடுக்காது. அந்த நாய் இரை பார்க்கிறது. பூனை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம். முன்பு ஒரு பூனையைக் கொன்ற நாய் என்று தெரிந்தால் பேச்சே இல்லை. எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் பூனை இல்லாத வீடு தேடிக் கொடுங்கள்.

குட்டி எடுத்தால் பிரச்சினை இல்லை என்பது பாதி உண்மை. நாய்க்குட்டி 3 கிழமை முதல் 12, 14 கிழமை வரையான வயதில் எதைச் சாதாரணமாகப் பார்க்கிறதோ அதைப் பின்னாளில் இரையாக நினைப்பது குறைவு. பூனைக்குட்டிக்கு அந்தக் காலம் இன்னும் சிறியது, ஏறக்குறைய 2 முதல் 7 கிழமை. உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மீனவர் வாடிகளில் பூனைகளோடு ஒரே மீன்கூடையைச் சுற்றி வளர்ந்த ஊர் நாய்கள் பல, பூனையை ஏறெடுத்தும் பார்க்காததற்குக் காரணம் இதுதான். ஆனால் குட்டிக்கு அடக்கம் கிடையாது. பத்து வயதுப் பூனையின் வாலை இழுக்கும், படுக்கையில் பாயும், அடித்தாலும் விளையாட்டு என்று திரும்ப வரும். பூனையின் நகம் முதலில் எட்டுவது கண்ணை. ஷிட்சூ, பக் போலக் கண் முன்தள்ளிய இனம் என்றால் ஒரே கீறலில் பார்வை போகலாம். குட்டி வருமுன் பூனையின் நக நுனியை வெட்டிவிடுங்கள். வெள்ளையாகத் தெரியும் நுனி 2 மில்லிமீற்றர் போதும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாய், அதைத் தொடக்கூடாது.

பூனை குட்டி போட்டிருக்கிறதென்றால் காத்திருங்கள். பால் கொடுக்கும் தாய்ப்பூனை தானே போய் நாயைத் தாக்கும். தள்ளாடி ஓடும் பூனைக்குட்டியோ நாயின் கண்ணுக்கு அணில். குட்டிகளுக்கு எட்டுக் கிழமை கழியட்டும். கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்யாதிருந்தால் நாய் வந்த கிழமையே கதிரைக்காலிலும் யன்னல் துணியிலும் மூத்திரம் பீச்சத் தொடங்கும். பெட்டை நாய்க்குச் செய்யாதிருந்தால் அது பருவத்துக்கு வரும்போது வீதியில் உள்ள கடுவன் நாய்கள் எல்லாம் வளவுக்குள் வரும். அந்த நாட்களில் பூனைக்கு முற்றம் இல்லை. இரண்டு சத்திரசிகிச்சைகளையும் முன்கூட்டி முடித்து, காயம் ஆற 10 முதல் 14 நாள் விட்டுப் பழக்கத் தொடங்குவது நல்லது.

நாய் வந்ததும் முதல் 10 முதல் 14 நாள் பூனையோடு சேர்க்காமல் வைப்பதற்கு நோய்தான் முதற் காரணம். படர்தாமரை நாயிலிருந்து பூனைக்கும், இரண்டிலிருந்தும் பிள்ளைகளுக்கும் தொற்றும். காது விளிம்பிலும் முகத்திலும் மயிர் உதிர்ந்த வட்டம் தெரிந்தால் முதலில் மருந்து. தெள்ளு இரண்டுக்கும் பொது. தெள்ளை நக்கி விழுங்கினால் நாடாப்புழுவும் இரண்டுக்கும் பொது. மணல் முற்றக்காரர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது கொக்கிப்புழு. நாய், பூனை, மனிதர் மூவரையும் பிடிக்கும் கொக்கிப்புழு வகை ஒன்றின் பெயரே அன்சைலோஸ்டோமா சிலானிகம். 1911-இல் இலங்கைப் புனுகுபூனை ஒன்றில் கண்டு விவரித்ததால் வந்த பெயர். நாயின் மலம் விழுந்த ஈரமணலில் புழுவின் குடம்பி வளர்ந்து வெறுங்கால் தோல் வழியாக ஏறும். பூனை அதே மணலைக் கிளறிவிட்டுப் பாதத்தை நக்கும். வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து, குட்டிகளுக்கு 12 கிழமை வயதுவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அளவு எடை பார்த்து. மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி நாய்க்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனைக்கும் போடவேண்டும், இரண்டுக்கும் வருடத்துக்கு ஒருமுறை. போட்டு மூன்று நான்கு கிழமை கழித்துத்தான் அதன் முழுப் பலன். தெருவிலிருந்து எடுத்த நாயை இரண்டு கிழமை தனியே வைத்துப் பார்த்தால் விசர் இல்லை என்று உறுதியாகிவிடாது. அந்த நோய் உடம்பில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். பழக்கும் நாட்களில் கையில் கீறலோ கடியோ பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம்.

அடுத்த விஷயம் பல பூனைகளின் உயிரைக் குடிப்பது. நாய்க்கு உண்ணி, தெள்ளுக்கு விற்கும் சொட்டு மருந்துகளிலும் பவுடர்களிலும் ஷாம்பூக்களிலும் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லி இருக்கிறது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் ஈரலுக்கு அதை உடைக்கும் சக்தி இல்லை. நாயின் முதுகில் ஊற்றிய ஈரம் காயுமுன் பூனை உரசினாலோ நக்கினாலோ சில மணித்தியாலங்களில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். அமிட்ராஸ் உள்ள உண்ணிப்பட்டியும் பூனைக்கு ஆகாது. போத்தலில் சேர்மானத்தை வாசியுங்கள். பூனை உள்ள வீடு என்று மிருக வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டெட்டோல் கலந்த தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டுவதும், நாய் படுக்கும் நிலத்தைப் பினைல் ஊற்றிக் கழுவுவதும் அதே காரணத்தால் வேண்டாம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது இரண்டுக்குமே கேடு. பனடோலை நாயின் சோற்றில் கலந்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். ஒரு குளிசை போதும், பூனை செத்துப்போகும்.

வீட்டை ஆயத்தப்படுத்துவதில்தான் வெளிநாட்டு ஆலோசனைகள் எங்களுக்கு உதவாமல் போகின்றன. கதவடைத்த வீடு, கண்ணாடி யன்னல், வெளியே போகாத பூனை என்று வைத்து எழுதியவை அவை. எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு முன்கதவு திறந்தால் இரவு படுக்கும்வரை சாத்துவதில்லை. குசினிப் பின்கதவும் அப்படித்தான். பூனை யன்னல் கிரில்லுக்குள்ளால் போகும், சீற்றுக் கூரையில் நடக்கும், அடுத்த வீட்டில் பால் குடித்துவிட்டு வரும். ஆகவே ஒரு அறையைப் பூனைக்கென்று ஒதுக்குங்கள். பூனைக்கு ஏற்கெனவே பிடித்த அறையாக இருக்கவேண்டும். புதிதாக வருகிறவருக்கு நல்ல அறை, இருந்தவருக்குக் களஞ்சிய அறை என்று பிரித்தால் பூனை வீட்டைவிட்டே போய்விடும். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை சாத்திய அறை சீற்றுக் கூரையின் கீழ் அடுப்பாகும். யன்னல் திறந்திருக்கவேண்டும், மின்விசிறி ஓடவேண்டும், தண்ணீர் இரண்டு இடத்தில் வைக்கவேண்டும்.

அறை வாசலுக்கு வலைக்கதவு ஒன்று தேவை. இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பழைய மீன்வலை, கரையில் சும்மா கிடைக்கும். அதைக் கட்டாதீர்கள். பயந்த பூனை அதில் ஏறும். நகமும் பல்லும் நைலோன் கண்ணியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கும். கீழே நாய் நிற்கும். கடித்து அறுக்கவும் நாய்க்கு ஒரு நிமிடம் போதும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை மெல்லிய மரச்சட்டத்தில் அடித்து, நிலத்திலிருந்து நிலையின் மேல்சட்டம் வரை மூடும்படி பிணைச்சலில் மாட்டுங்கள். பாதி உயரம் போதாது, பூனை தாண்டும். முதல் சில நாட்களுக்கு அதன்மேல் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு மறைத்துவிடுங்கள்.

பிறகு உயரம். விறாந்தையிலும் கூடத்திலும் பூனை நிலத்தில் கால் வைக்காமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகமுடியவேண்டும். 10 அங்குல அகலப் பலகையை 5 அடிக்கு மேலே சுவரில் அடியுங்கள். அலுமாரித் தலை, யன்னல் திண்ணை, அந்தப் பலகை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும்படி இருக்கட்டும். ஏறவும் இறங்கவும் இரண்டு வழி இருக்கவேண்டும். ஒரே வழி உள்ள உயரம் பொறிதான், கீழே நாய் படுத்துக்கொண்டால் பூனை மணிக்கணக்கில் மேலேயே இருக்கும். அறைக் கதவைக் கயிறு போட்டு நாலைந்து அங்குலம் மட்டும் திறக்கும்படி கட்டினால் வளர்ந்த பூனை நுழையும், நடுத்தர நாய் நுழையாது. குட்டிநாய்க்கும் டாஷ்ஹவுண்டுக்கும் இந்த வழி சரிவராது.

வெளியே ஒருதரம் சுற்றி வாருங்கள். கிணற்றுக்குக் கம்பிவலை மூடி இருக்கிறதா? ஓடும் பூனை கிணற்றுக் கட்டில் பாய்ந்து ஏறும், பின்னால் வரும் நாய்க்கு நிற்கத் தெரியாது. மதில்மேல் கண்ணாடித்துண்டு பதித்திருக்கிறதா? நிதானமாக நடக்கும் பூனை அதற்கிடையில் கால் வைக்க இடம் கண்டுபிடிக்கும். துரத்தப்படும் பூனைக்கு அந்த நேரம் கிடையாது. பூனை வழக்கமாக ஏறும் இடத்தில் மூன்றடி நீளத்துக்காவது துண்டுகளைத் தட்டி எடுத்துவிடுங்கள்.

மலப்பெட்டி, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக. முன்பு வெளியே மண்ணில் போன பூனைக்கும் இப்போது உள்ளே தேவை. கட்டட வேலையில் மீந்த ஆற்றுமணலைச் சலித்து மூன்று அங்குல ஆழத்துக்குப் போடுங்கள். கடல்மணலில் உப்பு, பூனை பாதத்தை நக்கும். நாய் பூனை மலத்தைத் தின்னும். அருவருப்பாக இருந்தாலும் அதற்கு அது பலகாரம். திட்டுவதால் நிற்காது, எட்டாத இடத்தில் வைப்பதுதான் வழி.

மணம் அறிமுகமாவதை ஆக்கள் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். பூனைக்கு வீடு என்பது மணம். அது கன்னத்தைக் கதவு நிலையிலும் கதிரைக்காலிலும் தேய்ப்பது 'இது என் இடம்' என்று எழுதிவைப்பது. ஒரு பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெல்லத் துடைத்து நாய் படுக்கும் சாக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். நாயின் கழுத்தைத் துடைத்த துணியைப் பூனை அறையில் சாப்பாட்டுத் தட்டுக்கு ஆறடி எட்ட வையுங்கள். பூனை சீறினால் இன்னும் எட்ட. மணந்துவிட்டுச் சாப்பிடப் போனால் அடுத்த நேரம் ஓரடி கிட்ட. அதே நாட்களில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில், மூடிய கதவின் இரண்டு பக்கத்திலும் சாப்பாடு. தட்டைத் தொடாவிட்டால் தூரம் போதாது என்று அர்த்தம். நாய் வெளியே நடக்கப் போகும் அரை மணித்தியாலத்தில் பூனையை வீடு முழுக்க உலாவ விடுங்கள், பிறகு மாற்றுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பூனை அந்தத் துணிமேல் படுத்து நித்திரை கொண்டால் அடுத்த படிக்குப் போகலாம். ஒன்பது நாள் எடுத்தாலும் எடுக்கட்டும்.

பார்க்கவிடும்போது வீட்டில் இரண்டு பேர் வேண்டும். நாயை முதலில் நன்றாக நடத்தி, களைக்கவைத்து, கொஞ்சம் பசியோடு கொண்டுவாருங்கள். அவித்த கோழி அல்லது ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவில் 25 துண்டாக வெட்டி வைத்திருங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. வலைக்கதவிலிருந்து 15 அடி எட்ட நாய், ஆறடிக் கயிற்றில், கயிறு தளர்ந்திருக்கும்படி. கயிற்றை இறுக்கினால் நாயும் இறுகும். விரிப்பை விலக்குங்கள். நாய் பூனையைப் பார்த்த அந்தக் கணம், குரைக்குமுன், "விடு" என்று சாதாரணக் குரலில் சொல்லித் துண்டைக் கொடுங்கள். பார்த்தது, விட்டது, இறைச்சி கிடைத்தது என்ற ஒழுங்கு அதன் தலையில் ஏறவேண்டும். பத்துப் பதினைந்து தரத்துக்குப் பிறகு பூனையைக் கண்டதும் நாய் தானாக உங்கள் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பலுக்காகத்தான் இவ்வளவும். மூன்று நிமிடம், கூடினால் ஐந்து, ஒரு நாளைக்கு மூன்று தரம். நன்றாகப் போகிறதே என்று நீட்டிக் கெடுப்பதுதான் வழக்கமான பிழை.

மறுபக்கத்தில் பூனையைப் பிடித்து வைத்திருக்கக்கூடாது. தூக்கிக்கொண்டு நாயின் முகத்துக்கு நேரே நீட்டி "மணந்து பார்" என்பது மிகவும் கெட்ட பழக்கம். ஓட வழியில்லாத பூனை உங்கள் கையைக் கிழிக்கும், அந்த நாயை ஒருநாளும் மன்னிக்காது. அது விரும்பினால் வரும், விரும்பாவிட்டால் அலுமாரிக்குமேல் போகும். வால் பருத்து, காது பக்கவாட்டில் படிந்து, கண்மணி விரிந்து, உடம்பைத் தாழ்த்தினால் அன்றைக்குப் போதும். இமையை மெல்ல மூடித் திறப்பதும், நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உடம்பை நக்குவதும் நல்ல செய்தி.

நாயை அடிக்காதீர்கள். சுருக்குச் சங்கிலி போட்டு இழுக்காதீர்கள். கழுத்து நோகும் ஒவ்வொரு தரமும் நாயின் கண்முன் நிற்பது பூனை, நோவின் காரணம் பூனை என்றே அது முடிவெடுக்கும். உங்கள் முன்னால் அடங்கியிருந்துவிட்டு நீங்கள் கடைக்குப் போனபின் பாயும் நாய்கள் இப்படித்தான் உருவாகின்றன.

வலைக்கதவில் ஒரு கிழமை அமைதியாகப் போனபின் கதவைத் திறக்கலாம். நாய் கயிற்றில், பூனை சுதந்திரமாக. பிறகு 10 அடி மெல்லிய நைலோன் கயிற்றை நாயின் பட்டியில் கட்டித் தரையில் இழுபடவிடுங்கள். நுனியில் கைப்பிடி வளையம் இருக்கக்கூடாது, கதிரைக்காலில் சிக்கும். நாய் எழுந்து பூனைப் பக்கம் விரைந்தால் கயிற்றில் கால் வையுங்கள், அவ்வளவு போதும். இந்தக் கயிறு குறைந்தது மூன்று கிழமை இருக்கட்டும். அதுவரை, அதற்குப் பிறகும் ஒரு மாதம், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே சட்டம். "தம்பி, வலைக்கதவைச் சாத்திவிட்டுப் போ" என்பதைப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, மத்தியானம் சோறு கொண்டுபோகும் அம்மம்மாவுக்கும் சொல்லிவைக்கவேண்டும்.

இத்தனையும் செய்தவர்கள்கூடத் தோற்கிற இடம் ஒன்று உண்டு. அது மீன் வெட்டும் நேரம். மீன்காரரின் சத்தம் கேட்டதும் பூனை எங்கிருந்தாலும் வரும். கிணற்றடியில் அரிவாளில் சூடையோ பாரையோ வெட்டும்போது காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். ஒரு செவிள் விழுகிறது. பூனை கவ்விக்கொண்டு தாழ்ந்து ஓடுகிறது. புது நாயின் கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரத்தமணம், சாப்பாடு, ஓட்டம் மூன்றும். ஒரு மாதப் பழக்கம் அந்த ஒரு செவிளில் போய்விடும். மீன் வெட்டும் அரை மணித்தியாலமும் நாய் உள்ளே இருக்கட்டும், அல்லது பூனை அறைக்குள். வெட்டி, கழிவை மூடி, நிலத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவியபின் திறவுங்கள். இதை நான் இரண்டு மாதத்துக்கு என்று சொல்லமாட்டேன். எப்போதைக்கும் இப்படித்தான்.

சாப்பாடும் எப்போதைக்கும் பிரிந்தே இருக்கட்டும். பூனைத்தட்டு நாலடிக்கு மேல். பூனைச் சாப்பாட்டில் கொழுப்பும் புரதமும் கூடுதல், தினமும் திருடும் நாய்க்கு வயிறு கழியும். மறுபக்கம், நாயின் சோற்றையே பூனைக்கும் வைத்தால் டோரின் என்ற சத்துப் போதாமல் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். வெறும் மீனில் வளரும் பூனைக்கு விற்றமின் ஈ குறைந்து தோலின் கீழ்க் கொழுப்பு அழற்சியாகி உடம்பைத் தொட நோகும். பச்சை மீனை அவித்துக் கொடுங்கள், கிழமையில் சில நாள் கோழியும் ஈரலும் மாறிமாறி வரட்டும்.

வீட்டுக்குள் பழகிய நாய் முற்றத்திலும் அப்படியே இருக்கும் என்று நம்பவேண்டாம். நாய்க்கு இடம் மாறினால் பாடமும் மாறும். கூடத்தில் பூனைக்குப் பக்கத்தில் படுக்கும் அதே நாய் கிணற்றடியில் துரத்தும். அதனால் முற்றத்தில் கயிற்றோடு முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும், இம்முறை விரைவாக முடியும். உங்கள் பூனையோடு பழகியது அடுத்த வீட்டுப் பூனைக்குச் செல்லாது. எல்லாவற்றிலும் ஆபத்து, திறந்து கிடக்கும் கேற். வீதி நாய்கள் இரண்டு உள்ளே வந்து பூனையைத் துரத்தினால், ஒரு வருடமாக அதனோடு படுத்த உங்கள் நாயும் கூட்டத்தோடு சேர்ந்து ஓடும். அது துரோகம் இல்லை, கூட்டத்தின் இழுப்பு. கேற்றுக்குத் தானாகச் சாத்தும் சுருள்கம்பி ஒன்று போடுங்கள்.

இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டால் கையை இடையில் விடாதீர்கள். விரிப்பையோ பெரிய துவாயையோ எறியுங்கள், ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், பலகையை நடுவில் செருகுங்கள். நாய் பூனையைக் கவ்வி ஒருதரம் உதறியிருந்தால் வெளியே காயமே தெரியாவிட்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம். உள்ளே விலாவும் நுரையீரலும் நசிந்திருக்கும், தோலில் ஒரு பல்லடையாளம் மட்டும் இருக்கும். பூனை கடித்த துளையும் அப்படித்தான். மேலே மூடி, உள்ளே சீழ் பிடிக்கும்.

சத்தமில்லாமல் கெடுவதும் உண்டு. சண்டை எதுவும் இல்லை, ஆனால் பூனை கட்டிலின் கீழேயே இருக்கிறது, வயிற்று மயிரை நக்கி உதிர்க்கிறது, மெத்தையில் மூத்திரம் போகிறது. பூனை இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் காத்திருக்கவேண்டாம். கொழுத்த பூனையென்றால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்து. கடுவன் பூனை மலப்பெட்டியில் திரும்பத் திரும்பக் குந்தி, முக்கி, சொட்டும் வராமல் கத்தினால் அது மலச்சிக்கல் இல்லை. மூத்திரவழி அடைத்திருக்கிறது. மன அழுத்தம் இதற்கு ஒரு தூண்டுதல். ஒரு நாள் பிந்தினாலும் பூனை போய்விடும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பூனை இப்படியே இருந்தால் நாய்க்கு வேறு நல்ல வீடு பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் இருந்தது பூனை.

எப்போது தொடங்குவது என்று கேட்டால் நான் மாரியில் வேண்டாம் என்பேன். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மழை இறங்கினால் முற்றத்தில் இருந்த எல்லாமே விறாந்தைக்கு வரும். நாய், பூனை, சைக்கிள், விறகு, காயாத உடுப்பு எல்லாவற்றுக்கும் பத்தடி இடம்தான். அதே மாதங்களில் தீபாவளி வெடி, ஆண்டுப்பிறப்பு வெடி. வெடிக்குப் பயந்து ஓடும் பூனையும் வெடிக்குப் பதறிய நாயும் ஒரே வாசலில் சந்திக்கக்கூடாது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளிலும் மேளமும் சனமும் வீட்டு வாசல்வரை வரும், அன்றைக்கும் பாடம் வேண்டாம். பழகிய பின்னும் இந்த நாட்களில் பூனையை மாலை ஐந்து மணிக்கே அறைக்குள் விட்டு வலைக்கதவின் உட்கதவையும் சாத்துங்கள். முதல் மாரிக்கு முன்பே விறாந்தையில் இடம் பிரித்துவிடவேண்டும். நாயின் சாக்கு தூவானம் அடிக்காத மூலையில், பூனையின் பலகை எதிர்ச்சுவரில் கூரைக்குக் கீழே. நடுவில் ஆறடி வெறும் நிலம், அதில் சைக்கிளை நிறுத்தாமல்.